ஒரு தேர், மூன்று வடம்: அமெரிக்கத் துருவச்சுற்று வானிலைச் செயற்கைக்கோள் சேவை, ஒரு பயனரின் மதிப்பீடு

பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக, அமெரிக்காவின் துருவச்சுற்று வானிலைச் செயற்கைக்கோள்கள் அனுப்பும் தரவை அன்றாடப் பணிக்குப் பயன்படுத்தி வருகிறேன். சுவோமி என்பிபி, நோவா-20, நோவா-21 ஆகிய மூன்றும் ஜேபிஎஸ்எஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் திட்டத்தின் வரிசையில் வருபவை. நோவா எனப்படும் தேசியக் கடல், வளிமண்டல நிர்வாகம் பணம் கொடுத்து நடத்துகிறது. நாசா கட்டிக் கொடுக்கிறது. தரவுக்குக் கட்டணம் கிடையாது. கட்டணமில்லாத சேவைக்கு மதிப்பீடு எழுதுவானேன் என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் இதன் பின்னால் இருப்பது அமெரிக்க மக்களின் வரிப்பணம், அதுவும் நூற்றுக்கணக்கான கோடி டாலர். இந்தச் சேவையின் நிறைகுறை இரண்டுக்கும் வேர், அதை யார் எப்படி நிர்வகித்தார்கள் என்பதில் இருக்கிறது. ஆகவே படத்தின் தெளிவோடு நிர்வாகத்தையும் சேர்த்தே எடை போடுகிறேன்.

முதலில் கைக்குக் கிடைக்கும் பொருளின் தரம். இந்தச் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 824 கிலோமீட்டர் உயரத்தில், துருவத்துக்குத் துருவம், நாளொன்றுக்கு 14 முறை பூமியைச் சுற்றுகின்றன. அவை நிலநடுக்கோட்டைக் கடக்கும்போது கீழே இருக்கும் ஊரில் நேரம் எப்போதும் பிற்பகல் 1.30 அல்லது பின்னிரவு 1.30 ஆக இருக்கும்படி பாதை அமைக்கப்பட்டிருக்கிறது. இவற்றில் உள்ள வியர்ஸ் என்னும் படக்கருவி 22 அலைவரிசைகளில், ஒரே கடப்பில் சுமார் 3,000 கிலோமீட்டர் அகலத்துக்குப் படம் எடுக்கிறது. அந்த 22-இல் எனக்கு மிகவும் நெருக்கமானது பகலிரவு வரிசை. நிலவொளியில் மேகத்தைப் படம் பிடிக்கும் அந்தக் கருவி, நிலவே இல்லாத இரவிலும் மேல் வளிமண்டலம் தானாக உமிழும் மங்கலான ஒளியைக் கொண்டு மேகத்தின் உருவத்தைக் காட்டிவிடும். நடுக்கடலில் தனியாக விளக்கெரித்து நிற்கும் படகைக்கூட ஒரு புள்ளியாகக் காணலாம்.

இதன் அருமை புயல் காலத்தில் தெரியும். அட்லாண்டிக்கில் மையங்கொண்டு கரையை நோக்கி நகர்ந்த ஒரு புயலை ஓர் இரவு கவனித்துக்கொண்டிருந்தோம். அகச்சிவப்புப் படத்தில் உயரமான இறகு மேகம் வெண்போர்வை போல எல்லாவற்றையும் மூடியிருந்தது. அதன் நடுவில் குத்துமதிப்பாக ஒரு புள்ளி வைத்து அதையே மையம் என்று எடுத்துக்கொண்டிருந்தோம். பின்னிரவில் செயற்கைக்கோள் கடந்து, நிலவொளிப் படம் திரையில் இறங்கியபோது, அந்த மெல்லிய போர்வையை ஊடுருவிக் கீழடுக்கு மேகங்களின் சுழி துலக்கமாகத் தெரிந்தது. நாங்கள் வைத்த புள்ளியிலிருந்து அது பல மைல் விலகியிருந்தது. மையம் விலகினால் பாதை விலகும், பாதை விலகினால் எச்சரிக்கை வேறு மாவட்டத்துக்குப் போகும். அன்று அறையில் ஒருவரும் பேசவில்லை. புள்ளியை அழித்துவிட்டுப் புதிதாக வைத்தோம்.

படங்களைக் காட்டிலும் பெரிய பங்களிப்பு கண்ணுக்குத் தெரியாதது. கிரிஸ், ஏடிஎம்எஸ் என்ற இரு கருவிகள் வளிமண்டலத்தின் வெப்பத்தையும் ஈரத்தையும் அடுக்கடுக்காக அளக்கின்றன. கணினி முன்கணிப்பு மாதிரிகளுக்குச் செல்லும் அவதானிப்புகளில் பெரும்பகுதி துருவச்சுற்றுச் செயற்கைக்கோள்களிலிருந்தே வருகிறது. 2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூ ஜெர்சிக் கரையைத் தாக்கியதை ஐரோப்பிய முன்கணிப்பு மையம் பல நாள் முன்பே சரியாகச் சொன்னது. பின்னர் அதே மையம், துருவச்சுற்றுத் தரவை மட்டும் நீக்கிவிட்டு அதே கணக்கை மறுபடி ஓட்டிப் பார்த்தபோது, புயல் கரைக்கு வராமல் கடலோடு போய்விடும் என்ற விடை வந்தது. இந்தச் சேவையின் தரத்துக்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை. தரத்தைப் பொறுத்தவரை முழு மதிப்பெண் தருகிறேன்.

நிர்வாகத்துக்கு அப்படித் தர முடியவில்லை. அதைச் சொல்ல 1994-க்குப் போக வேண்டும்.

அதுவரை அமெரிக்காவில் இரண்டு துருவச்சுற்றுத் திட்டங்கள் தனித்தனியே நடந்தன. ஒன்று நோவாவின் பொதுமக்களுக்கான திட்டம். மற்றொன்று பாதுகாப்புத் துறையின் டிஎம்எஸ்பி. ஒரே வேலையை இரு துறைகள் ஏன் செய்ய வேண்டும் என்று கேட்டு, 1994 மே மாதத்தில் அதிபர் கிளின்டன் இரண்டையும் இணைக்க ஆணையிட்டார். நோவா, பாதுகாப்புத் துறை, நாசா மூன்றும் சேர்ந்த ஒருங்கிணைந்த திட்ட அலுவலகம் உருவானது. பிறந்த திட்டத்துக்கு என்போஸ் என்று பெயர். நோவாவும் பாதுகாப்புத் துறையும் செலவைச் சரிபாதியாகப் பகிர வேண்டும். கொள்முதல் பொறுப்பு பாதுகாப்புத் துறைக்கு. இயக்கும் பொறுப்பு நோவாவுக்கு. புதிய தொழில்நுட்பம் நாசாவுக்கு. காகிதத்தில் படித்தால் குறை சொல்ல இடமில்லை. ஆறு செயற்கைக்கோள்களுக்குச் சுமார் 650 கோடி டாலர் ஆகும் என்றும், இணைப்பால் பெருந்தொகை மிச்சமாகும் என்றும் கணக்குப் போட்டார்கள்.

நடந்தது வேறு. 2005-இல் செலவு, சட்டம் அனுமதிக்கும் 25 விழுக்காட்டு உயர்வைத் தாண்டியது. பாதுகாப்புத் துறையின் பெருங்கொள்முதல்களுக்கான நன்-மெக்கர்டி சட்டப்படி, திட்டத்தைக் கைவிடுவதா, தேவை என்று சான்றளித்துத் தொடர்வதா என்று முடிவெடுக்க வேண்டிய நிலை வந்தது. 2006 ஜூனில் தொடர்வது என்று முடிவானது. ஆனால் ஆறு செயற்கைக்கோள்கள் நான்காகின. செலவு 1,250 கோடி டாலராயிற்று. பருவநிலையைக் கண்காணிக்க வேண்டிய பல கருவிகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அவற்றுள் சிலவற்றைப் பின்னாளில் மீட்டார்கள் என்றாலும், அந்தப் பட்டியலைப் படித்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை. நீண்டகாலப் பதிவில் ஓர் ஆண்டு விடுபட்டால் அந்த ஆண்டைத் திரும்பப் போய் அளக்க முடியாது. 2009-இல் மதிப்பீடு 1,490 கோடியைத் தொட்டது. அதுவரை ஒரு செயற்கைக்கோள்கூட மேலே போகவில்லை.

ஏன் இப்படி ஆயிற்று என்பதற்குத் தணிக்கை அறிக்கைகள் பல காரணங்களை அடுக்குகின்றன: தொழில்நுட்பச் சிக்கல், ஒப்பந்ததாரர் மீது போதிய கண்காணிப்பின்மை, நம்பிக்கையை மட்டும் நம்பிப் போட்ட கால அட்டவணை. இவை எல்லாம் உண்மையே. திட்டம் தறிகெட்டு ஓடிய ஆண்டுகளில், தரவேண்டிய ஊக்கத்தொகையில் 84 விழுக்காட்டை, அதாவது 12.3 கோடி டாலரை, ஒப்பந்ததாரருக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று, நோவாவின் மேல்துறையான வணிகத் துறையின் தலைமைத் தணிக்கையாளர் 2006-இல் எழுதினார். ஆயினும் என் பார்வையில் எல்லாவற்றையும் விளக்கும் செய்தி வேறொன்று. மூன்று துறைகளின் உயரதிகாரிகளும் கூடி இறுதி முடிவெடுப்பதற்காக ஒரு செயற்குழு இருந்தது. அக்குழுவில் பாதுகாப்புத் துறையின் சார்பில் கொள்முதல் அதிகாரம் கொண்டிருந்த துணைச் செயலர், ஒரு கூட்டத்துக்குக்கூட வந்ததில்லை என்று அரசுக் கணக்காய்வு அலுவலகம் 2009-இல் பதிவு செய்தது. அவருக்குப் பதிலாக வந்தவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. குழு கூடும், பேசும், ஒரு முடிவுக்கு வரும். அந்த முடிவு வராதவரின் மேசைக்குப் போய் மீண்டும் திறக்கப்படும்.

அந்தக் காலி நாற்காலியை நினைக்கும்போதெல்லாம் தேரோட்டம்தான் என் நினைவுக்கு வருகிறது. ஊர் கூடித் தேர் இழுக்கலாம். வடத்தை எத்தனை பேர் வேண்டுமானாலும் பிடிக்கலாம். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் ஒருவராக இருந்து, அவர் அந்த இடத்திலேயே நின்றால்தான் தேர் முனையில் திரும்பும். என்போஸில் வடம் பிடிக்க மூன்று துறைகள் இருந்தன. முட்டுக்கட்டை யார் கையில் என்பது 16 ஆண்டுகளாகத் தீராத கேள்வியாகவே இருந்தது. 2009-இல் தாமஸ் யங் தலைமையில் ஆராய்ந்த வெளிக்குழுவும், இதே அமைப்போடு தொடர்ந்தால் திட்டம் வெற்றி பெற வாய்ப்பு மிகமிகக் குறைவு என்று கூறிவிட்டது. 2010 பிப்ரவரியில் வெள்ளை மாளிகை அதைக் கலைத்தது.

இவ்விடத்தில் ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பகிர்வு என்பதே தவறு என்று பலர் எழுதுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. மேலே நான் புகழ்ந்த பகலிரவு வரிசை எங்கிருந்து வந்தது? இருட்டிலும் மேகத்தைப் பார்க்க வேண்டும் என்பது படைத்துறையின் பழைய தேவை; டிஎம்எஸ்பி செயற்கைக்கோள்களில் அதற்கென ஒரு கருவி பல பத்தாண்டுகளாக இருந்து வந்தது. கடலின் நிறத்தை நுட்பமாக அளக்க வேண்டும் என்பது நாசா, நோவா அறிவியலாளர்களின் தேவை. இரண்டையும் ஒரே கருவிக்குள் கொண்டுவந்ததால் பிறந்தது வியர்ஸ். அந்தக் கருவியைக் கட்டுவதற்குள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஓர் அலைவரிசையின் ஒளி பக்கத்து வரிசைக்குக் கசிந்தது. அதைச் சரிசெய்யும்வரை காத்திருப்பதா, கடல்நிற அளவீட்டில் குறையை ஏற்றுக்கொண்டு ஏவிவிடுவதா என்ற விவாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. முடிவெடுக்கும் ஒருவர் இருந்திருந்தால் அது மாதக்கணக்கில் முடிந்திருக்கும் என்பது என் எண்ணம். எனினும், படைத்துறை அந்தக் கூட்டில் இல்லாதிருந்தால், அன்றிரவு புயலின் சுழியை நாங்கள் பார்த்திருக்க முடியாது.

கலைப்புக்குப் பின் எஞ்சியது ஒரு முன்னோட்டச் செயற்கைக்கோள். கருவிகளைச் சோதிப்பதற்காகவே நாசா கட்டிய என்பிபி, 2006-இல் போயிருக்க வேண்டியது, 2011 அக்டோபர் 28 அன்று கலிபோர்னியாவின் வாண்டன்பெர்க் தளத்திலிருந்து கிளம்பியது. சோதனைக்காகப் போனது, பின்னால் வர வேண்டிய அசல் செயற்கைக்கோள் இல்லாததால், அன்றாடப் பணியின் முதுகெலும்பாகவே ஆகிவிட்டது. செயற்கைக்கோள் வானிலையியலின் தந்தை எனப் போற்றப்படும் வெர்னர் சுவோமியின் பெயரை 2012 ஜனவரியில் அதற்குச் சூட்டினார்கள். மேலே போன சில வாரங்களிலேயே வியர்ஸின் தொலைநோக்கிக் கண்ணாடிகள் மங்கத் தொடங்கின. பூச்சு வேலையின்போது படிந்த டங்ஸ்டன் ஆக்சைடு சூரியனின் புறஊதாக் கதிர் பட்டுக் கறுத்தது என்று கண்டுபிடித்தார்கள். மங்கல் ஓரளவோடு நின்றது, தரவு கெடவில்லை. ஐந்து ஆண்டுக்கென வடிவமைக்கப்பட்ட அந்த எந்திரம் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் உழைத்தது. ஒரே ஒரு செயற்கைக்கோளை நம்பி ஒரு நாடே நிற்கும் நிலையைக் கண்டுதான், 2013-இல் கணக்காய்வு அலுவலகம் வானிலைச் செயற்கைக்கோள் இடைவெளியை அரசின் பெரும் இடர்ப் பட்டியலில் சேர்த்தது. 2017 நவம்பரில் நோவா-20 ஏவப்படும்வரை அந்த ஆறு ஆண்டுகளும் எங்களைப் போன்றவர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருந்தோம்.

ஜேபிஎஸ்எஸ் நிர்வாக அமைப்பு பழைய முறைக்கே திரும்பியது. தேவையைச் சொல்வதும் பணம் கொடுப்பதும் இயக்குவதும் நோவா. வாங்கிக் கட்டித் தருவது நாசாவின் காடார்டு மையம். கேட்பவர் ஒருவர், செய்பவர் ஒருவர், கணக்குக் கேட்க ஓர் இடம். நோவா-20-ம், 2022 நவம்பரில் நோவா-21-ம் ஒழுங்காகச் சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேர்ந்தன.

இருந்தாலும் அமைப்பை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு 2003-ஐ நினைவூட்ட விரும்புகிறேன். நோவா, நாசா இரண்டு மட்டும் கைகோத்திருந்த பழைய முறையில்தான், கலிபோர்னியாவின் சன்னிவேலில் நோவா-என் பிரைம் செயற்கைக்கோள் கீழே விழுந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 6 அன்று அதைக் கிடைமட்டமாகச் சாய்த்தபோது, தாங்கு வண்டியிலிருந்து சரிந்து சுமார் மூன்று அடி உயரத்திலிருந்து தரையில் மோதியது. தாங்கு தட்டை வண்டியோடு பிணைக்க வேண்டிய 24 போல்ட்டுகளும் அங்கே இல்லை. வேறொரு வேலைக்காக இன்னொரு குழு அவற்றைக் கழற்றி எடுத்துப்போயிருந்தது. எடுத்ததை எங்கும் எழுதி வைக்கவில்லை. சாய்க்க வந்த குழு போல்ட்டுகளைத் தொட்டுப் பார்க்காமலேயே, சரிபார்த்ததாகக் காகிதத்தில் கையெழுத்திட்டிருந்தது. பழுதுபார்க்க 13.5 கோடி டாலர் ஆயிற்று. காலி நாற்காலியும் காலித் துளைகளும் எனக்கு ஒரே நோயின் இரு அறிகுறிகளாகவே தெரிகின்றன: பக்கத்துக் குழு பார்த்துக்கொண்டிருக்கும் என்று ஒவ்வொரு குழுவும் நினைத்த இடத்தில் எவரும் பார்க்கவில்லை. அதே செயற்கைக்கோள் 2009 பிப்ரவரியில் நோவா-19 என்ற பெயரில் ஏவப்பட்டு, 2025 ஆகஸ்டுவரை உழைத்தது என்பதைச் சொல்லாவிட்டால், அதைப் பழுதுபார்த்தவர்களுக்கு நான் நன்றி மறந்தவனாவேன்.

இனி, சேவையின் பெரிய ஓட்டைக்கு வருகிறேன். 2010-இல் பாகம் பிரித்தபோது பிற்பகல் பாதை நோவாவுக்கும், அதிகாலைப் பாதை பாதுகாப்புத் துறைக்கும் போயின. இடைக்காலை நேரத்தை ஐரோப்பாவின் மெட்டாப் செயற்கைக்கோள்கள் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தன. பிற்பகல் பங்காளி தன் வேலையைச் செய்தார். அதிகாலைப் பங்குக்காகப் பாதுகாப்புத் துறை தொடங்கிய திட்டம் 2012-இன் தொடக்கத்திலேயே கைவிடப்பட்டது. 2014-இல் ஏவிய டிஎம்எஸ்பி எப்-19, இரண்டு ஆண்டுகளில் கட்டளைக்குப் பதில் சொல்லாமல் போயிற்று. அதன் உடன்பிறப்பான எப்-20 முழுமையாகக் கட்டி முடிக்கப்பட்டும், நாடாளுமன்றம் பணம் ஒதுக்க மறுத்ததால் தரையிலேயே கிடந்தது. அதிகாலைப் பாதையில் புதிய தலைமுறைக் கருவி ஒன்று, 2024 ஏப்ரலில்தான் மேலே போனது.

இதன் விளைவு 2025 ஜூனில் எங்கள் மேசைக்கே வந்தது. பழைய டிஎம்எஸ்பி செயற்கைக்கோள்களின் நுண்ணலைத் தரவு மாத இறுதியோடு நிறுத்தப்படும் என்று, கெடுவுக்குச் சில நாள்களே இருக்கும்போது அறிவிப்பு வந்தது. நுண்ணலைக் கருவி மேகத்தைத் துளைத்துப் புயலின் உள்கட்டமைப்பைக் காட்டுவது. துருவக் கடற்பனிப் பரப்பின் தொடர்ச்சியான பதிவும் அதைச் சார்ந்திருந்தது. அட்லாண்டிக்கில் புயல் பருவம் தொடங்கி நான்கு வாரம்கூட ஆகாத நேரம் அது. பலரும் எதிர்த்ததும் கெடு ஜூலை 31 ஆயிற்று. பின்னர், கருவி இயங்கும்வரை அல்லது 2026 செப்டம்பரில் திட்டம் முடியும்வரை தரவு தொடரும் என்றார்கள். படைத்துறைக்கு அதன் காரணம் இருந்திருக்கலாம். கணினிப் பாதுகாப்பு என்றுதான் சொன்னார்கள். என் ஆதங்கம் முடிவைப் பற்றியதன்று. பொதுமக்கள் பயன்படுத்தும் ஒரு சேவையை, அந்தப் பொதுமக்களைத் தன் பயனராகக் கருதக் கடமைப்படாத ஒரு துறை கையில் வைத்திருக்கும்போது, முன்னறிவிப்பு என்பது தயவாகிவிடுகிறது. பகிரும் ஒப்பந்தத்தில் முதலில் எழுத வேண்டியது இந்த ஒரு வரி: நிறுத்துவதானால் இத்தனை மாதம் முன்பே சொல்ல வேண்டும்.

சேவையின் எஞ்சிய பகுதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நேரடி ஒளிபரப்பு மிகச் சிறந்தது: உரிய அலைவாங்கி வைத்திருப்பவர் எவரும், செயற்கைக்கோள் தலைக்கு மேல் போகும்போதே தரவை இறக்கிக்கொள்ளலாம், அதைப் படமாக்கும் மென்பொருளை விஸ்கான்சின் பல்கலைக்கழகம் இலவசமாகத் தருகிறது. அலாஸ்கா போன்ற வடகோடியில் இருப்பவர்களுக்கு இது பெரும் வரம். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஒரே இடத்தில் நிற்பதுபோல் சுற்றும் புவிநிலைச் செயற்கைக்கோள் அங்கே சாய்கோணத்தில் மங்கலாகவே பார்க்கும். துருவச்சுற்றுச் செயற்கைக்கோளோ ஒரு நாளில் பல முறை வந்து போகும். பழைய தரவைத் தேடி எடுப்பதுதான் தொல்லை. ஒரு காப்பகத்தில் மூன்று நாள் தரவு கேட்டு விண்ணப்பித்துவிட்டு, இணைப்பு எப்போது வரும் என்று தெரியாமல் அடுத்த நாள்வரை காத்திருந்து, வந்த இணைப்பில் பாதிக் கோப்புகள் இல்லாமல் மறுபடி விண்ணப்பித்திருக்கிறேன். அண்மை ஆண்டுகளில் தரவின் கணிசமான பகுதி வணிக மேகக்கணினிச் சேமிப்பிலும் திறந்து வைக்கப்பட்டிருப்பதால் அந்த அலைச்சல் பெருமளவு குறைந்துவிட்டது. கோப்புப் பெயர்கள் மட்டும் இன்றும் மனிதர்கள் படிப்பதற்காக வைக்கப்பட்டவை போலத் தோன்றவில்லை.

தரவின் தரத்துக்கு ஐந்துக்கு ஐந்து. கிடைக்கும் எளிமைக்கு நான்கு. பிற்பகல் பாதையின் இன்றைய நிர்வாகத்துக்கும் நான்கு. அதிகாலைப் பாதைக்கு இரண்டுக்கு மேல் தர என் மனம் ஒப்பவில்லை. புதிதாக இந்தச் சேவையைப் பயன்படுத்தத் தொடங்குபவர்கள் நோவா-20, நோவா-21 தரவைத் தயக்கமின்றி நம்பித் தங்கள் பணியை அமைத்துக்கொள்ளலாம். வரிசையில் அடுத்தது ஜேபிஎஸ்எஸ்-4. எண்ணில் முந்திய ஜேபிஎஸ்எஸ்-3 பின்தங்க, இதை முதலில், 2027-இல் ஏவத் திட்டமிட்டிருக்கிறார்கள். டிஎம்எஸ்பி நுண்ணலைத் தரவை உள்ளே இழுக்கும் எந்த நிரலையும் 2026 செப்டம்பருக்கு முன் மாற்றிவிடுங்கள். ஜப்பானின் ஜிகாம்-டபிள்யூ செயற்கைக்கோளில் உள்ள நுண்ணலைக் கருவியின் தரவைக் கொண்டு என் நிரலைச் சென்ற ஆண்டே மாற்றி எழுதினேன். இரண்டையும் அருகருகே ஓட்டி ஒப்பிட்டு முடிக்க இரண்டு வாரம் பிடித்தது.